லிட்டருக்குப் பதினொன்று

விவேக் நகர், பெங்களூரு
14 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ஜோவிதாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் உன் அண்ணி ஃபாத்திமாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, மடத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, இரண்டுக்கும் பதில் எழுது.

உங்கள் மடத்தில் மதர் அறையில் இருக்கிற ஒன்றைத் தவிர போனும் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பிக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரம் உன் முகத்தைக் காட்டுகிறார்கள். அதனால் இந்தக் காலத்திலும் தபால் ஆபீசில் போய் உறை வாங்குகிற ஆள் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். கவுன்டரில் இருக்கிறவன் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் நம் ஜீப்பில் கண் மருத்துவ டிரஸ்டின் நர்ஸ் சுப்ரியாவையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, கனகபுராவைத் தாண்டி ஹுணசெகுண்டி பக்கம் மூன்று காட்டோர ஊர்களுக்குப் போய் வருகிறேன் அல்லவா? பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட வண்டி நின்றதில்லை. இப்போது டிரஸ்டில் போக்குவரத்துக்கென்று ஆராவமுதன் என்று ஒரு அதிகாரி வந்திருக்கிறார். மனுஷன் கையில் எப்போதும் கால்குலேட்டர். "மிஸ்டர் ரெமிஜியஸ், உங்க ஜீப் லிட்டருக்குப் பத்து குடுத்துட்டிருந்தது. இந்த மூணு மாசமா ஏழரைதான் குடுக்குது. ஏப்ரலுக்குள்ள பதினொண்ணு காட்டுங்க. இல்லேன்னா அந்த ரூட்டுக்கு வேன் போட்டுடுவோம்" என்கிறார்.

வேன் தார் ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் நாலு கிலோமீட்டர் மேடு. கண்ணில் புரை விழுந்த கிழங்கள் அந்தப் பாறையில் தடவித் தடவி இறங்கி வர வேண்டுமாம்.

முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனிடம் சிக்கனம் பேசுகிறார். கோளாறு டீசலில் இருக்கலாம், ரோட்டில் இருக்கலாம், என்னிடம் இல்லை. நீ மடத்துக்குப் போகுமுன் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து நாலு வருஷம் சர்வீஸ் சென்டரில் கை கறுத்தவள். ஏதாவது வழி இருந்தால் சொல்.

உன் அண்ணன்
ரெமிஜியஸ்


மடம்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

இறைவன் துணை இருப்பார். முதுகு பரவாயில்லை, கிணறு பாதி. உன் சர்க்கரை எவ்வளவு? போன கடிதத்திலும் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை.

ஜீப் பற்றி. மேலே ஒரு கேரியர் வைத்திருப்பாயே, அதைக் கழற்று. காலியாக இருந்தாலும் அது காற்றோடு மல்லுக்கட்டும். டயரில் காற்றை வாரம் ஒருமுறை பார். நான்கு சக்கரமும் இழுக்கிறதற்கு முன்சக்கரத்தில் லாக் போடுவாயே, தார் ரோட்டில் அதை எடுத்துவிடுகிறாயா? சுப்ரியா மருந்து கொடுக்கும்போது என்ஜினை உறுமவிட்டுக்கொண்டே நிற்காதே. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கியரிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கினால் இந்த என்ஜின் டீசலே எடுக்காது, பிரேக்கும் தேயாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. பத்து கொடுத்த வண்டி மூன்று மாதத்தில் ஏழரைக்கு இறங்காது. ஒன்று இன்ஜெக்டரில் கோளாறு, இல்லையென்றால் ஓட்டுகிற காலில். உன் காலில் புண் ஏதும் இல்லையே?

அண்ணிக்கு என் அன்பு.
ஜோவிதா


விவேக் நகர்
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். குழந்தை இயேசு கோவிலில் வியாழக்கிழமைகளில் உனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன்.

கேரியரைக் கழற்றிவிட்டேன். காற்று பார்த்தேன். இன்ஜெக்டரை நம் சங்கத்து மெக்கானிக் டிரேவர் கழற்றிப் பார்த்து, "சும்மா புதுசு மாதிரி இருக்குது ரெமி" என்றான். முன்சக்கர லாக் விஷயத்தில் நீ என்னைப் பிடித்துவிட்டாய். ஒவ்வொரு தடவையும் இறங்கித் திருப்பச் சோம்பல் பட்டு, வருஷம் பூராவும் லாக்கோடேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹொசூர் ரோட்டிலும் அப்படித்தான். இதை ஆராவமுதனிடம் சொல்லிவிடாதே. இப்போது எட்டேகால். அதற்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது.

காலைப் பற்றிக் கேட்டாய். கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. போன வாரம் கனகபுரா பஸ் ஸ்டாண்டில் வலது செருப்பு எங்கேயோ கழன்று போயிருக்கிறது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். காலைப் பற்றி அவ்வளவுதான் செய்தி.

ரெமிஜியஸ்


மடம்
5 நவம்பர் 2024

அண்ணா,

ஆத்துமாக்கள் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்குப் போயிருப்பாய். எனக்காகவும் ஒரு பூ வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

செருப்பு கழன்றது தெரியாமல் ஒருவன் எப்படி வீடுவரை வருவான்? வேறு எதற்கும் பதில் வேண்டாம், இதற்கு எழுது.

ஜோவிதா


விவேக் நகர்
28 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் ஜெபத்தால் குறையொன்றும் இல்லை. ஃபாத்திமா நன்றாக இருக்கிறாள்.

உட்கார்ந்து படி. பத்து புள்ளி ஒன்று. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, போய் வந்து அதே பங்க்கில் மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு, கண்மதிப்பு இல்லை. ஆராவமுதன் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினார்.

ரகசியம் எல்லாம் காலில்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓட்ட வேண்டும். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிட்டால் வண்டி தானே தளரும், பிரேக்குக்கு வேலையே இல்லை. என்ஜின் கத்துவதற்கு முன் அடுத்த கியர். முன்னால் மாடு வந்தால் ஹார்ன் அடித்துக்கொண்டு போய் மோதுகிற மாதிரி நிற்காமல், அது கடக்கிற நேரத்துக்கு நாம் மெதுவாகப் போய்ச் சேர வேண்டும். சேற்றில்கூடச் சக்கரம் ஒரு சுற்று வீணாய்ச் சுற்றுவதில்லை. பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகு ஜோவி.

அந்த ரோட்டில் இடது பக்கம் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் மேல் காலையில் மயில் நிற்கிறது. கீழே ஒரு ஓடை. பதினொரு வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

திருவருகைக் காலம் முழுவதும் நீங்கள் கடிதம் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். கிறிஸ்துமஸ் வாழ்த்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்.

ரெமிஜியஸ்


மடம்
28 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

பிறந்த பாலன் உங்கள் இருவருக்கும் சமாதானம் தரட்டும். இங்கே குடிலுக்கு நான்தான் லைட் போட்டேன். ஒரு தடவைதான் ஃபியூஸ் போனது.

பத்து புள்ளி ஒன்று என்றதும் மதரிடம்கூடச் சொன்னேன். "எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்ல நேரமாயிற்று.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்னோடு நான் எத்தனையோ தடவை ஜீப்பில் வந்திருக்கிறேன். நீ ரோட்டையும் முன்னால் போகிற லாரியையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை, பேசினதும் இல்லை. இப்போது இடது பக்கத்துப் பாறையும் ஓடையும் தெரிகிறது. நல்லது.

அண்ணிக்குக் கிறிஸ்துமஸ் தையல் நிறைய வந்திருக்குமே. எத்தனை கவுன் தைத்தார்கள்? அண்ணியையும் நாலு வரி எழுதச் சொல்.

ஜோவிதா


விவேக் நகர்
9 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பதினொன்று புள்ளி ஆறு. ஆமாம், திரும்பப் படி. விவேக் நகர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து லிங்கராஜபுரம் வரைக்கும் இதே பேச்சு. தெருக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் லாயிட் எழுந்து, "நம்ம ரெமி அண்ணன் காலுக்கு ஒரு கைதட்டு" என்றான். டிரைவர்கள் சங்கத்தில் குடியரசு தினத்தன்று மேடை போட்டு எனக்கு மாலையும் சால்வையும் போட்டார்கள். நான் பேசவும் பேசினேன். டிரேவர் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி சோதனை ஓட்டம். ஆராவமுதனே வண்டியில் உட்கார்ந்து வருகிறார். அதற்கு ஒரு படிவம் கொடுத்தார். வண்டி எண், கிலோமீட்டர், ஓட்டுநர் பெயர். பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன்.

தையலா? இந்த வருஷம் ஃபாத்திமா கவுன் ஆர்டரையெல்லாம் கிளெமென்ட் பெண்சாதியிடம் தள்ளிவிட்டாள். அவளுக்கு வேறு வேலை.

ரெமிஜியஸ்


மடம்
26 பிப்ரவரி 2025

அண்ணா,

சுகமாயிரு. வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஈஸ்டர்வரை நான் எழுத மாட்டேன். எனக்கு வருகிற கடிதங்களும் மதருடைய அலமாரியில் பிரிக்காமல் இருக்கும். உனக்குத் தெரிந்ததுதான்.

சொல்ல ஏதாவது இருந்தால் அதற்கு முன் எழுது.

ஜோவிதா


விவேக் நகர்
30 மார்ச் 2025

ஜோவி,

நீ நலமாக இருப்பாய். அந்தச் சுவருக்குள் உனக்கு என்ன குறை.

இந்தக் கடிதம் அலமாரியில் கிடக்கும். நீ பிரிக்கும்போது ஈஸ்டர் முடிந்திருக்கும், சோதனையும் முடிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

எனக்கு வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை. போன ஜூலையிலிருந்து. சர்க்கரையால் நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். பெடலை எவ்வளவு மிதிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. டீசல் அப்படித்தான் போயிருக்கிறது. உனக்குச் செருப்பைப் பற்றி எழுதின பிறகு, அந்த மாதக் கடைசியில் மூன்றாவது வளைவில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரில் காலை வைத்திருந்தேன். சுப்ரியா அலறினதும்தான் கீழே குனிந்து பார்த்தேன். மண்மேட்டில் மோதி நின்றது. இடது பக்கம் இரண்டடி தள்ளியிருந்தால் ஓடை. யாருக்கும் அடியில்லை. சுப்ரியாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றேன்.

அதிலிருந்து ஃபாத்திமாதான் ஓட்டுகிறாள். பத்து புள்ளி ஒன்றும் அவள், பதினொன்று புள்ளி ஆறும் அவள். நான் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து மயில் பார்க்கிறேன். மாலையை நான் வாங்கிக்கொண்டேன்.

படிவத்தில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். பதினொன்றாம் தேதி ஒரே ஒரு நாள் நான் ஓட்டிவிடுகிறேன். கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தால் முடியும். "ரெமிக்கு முடியல, பொண்டாட்டி ஓட்டுறா" என்று டிரேவர் சொல்லி அதை நான் கேட்க முடியாது. ஃபாத்திமாவிடம் அன்றைக்கு நீ வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ரெமிஜியஸ்


விவேக் நகர்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

அன்பு ஜோவிதா சிஸ்டர்,

உங்கள் ஜெபத்தில் எங்களை நினைப்பீர்கள் என்று தெரியும். நான் எழுதிப் பல மாதம் ஆகிறது, மன்னிக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் உங்களுக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆனால் நவம்பரிலிருந்து ஜீப்பை நான் ஓட்டுகிறேன். கல்யாணமான புதிதில் அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

மைலேஜ் எப்படி ஏறினது என்று சுப்ரியா கேட்டாள். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக மோட்டார் தையல் மெஷினில் புதுநன்மைக் கவுனுக்கு லேஸ் வைக்கிறேன். அந்தப் பெடலைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ஊசி ஓடிப்போய்த் துணி பாழ். மூலை திரும்புகிறதற்கு நாலு தையல் முன்னாலேயே காலைத் தளர்த்திவிட வேண்டும். ஜீப்பிலும் அதைத்தான் செய்தேன். முதல் வாரம் கொஞ்சம் பயம், பிறகு பிடித்துப் போயிற்று. ஹுணசெகுண்டிப் பிள்ளைகள் தூரத்தில் வண்டியைப் பார்த்ததும் "டிரைவரக்கா பந்த்ரு" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். டிரைவர் அக்கா வந்துவிட்டாள் என்று. அதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது சிஸ்டர். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு மாலை போட்டபோது நான் கீழே பெண்கள் வரிசையில் நின்று கைதட்டினேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குப் பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது.

பதினொன்றாம் தேதி சோதனை நடக்கவில்லை. ஆடிட் வந்ததால் மே ஆறாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு அவர் ஓட்டுவேன் என்கிறார். ஜீப் போனாலும் போகட்டும், அந்த மூன்றாவது வளைவை நினைத்து இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவருடைய மனத்தை நோகடிக்கவும் எனக்கு வரவில்லை. என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அண்ணி
ஃபாத்திமா


மடம்
21 ஏப்ரல் 2025

அண்ணா,

உயிர்த்த ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். இந்தத் தடவை உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, எனக்கே தெரியும்.

இன்று காலை மதர் அலமாரியைத் திறந்து கொடுத்தார்கள். உன் கடிதம் கீழே, அண்ணியின் கடிதம் மேலே. சோதனை முடிந்த பிறகுதான் நான் படிப்பேன் என்று கணக்குப் போட்டாய். உன் கணக்கு தப்பிவிட்டது. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

கால் மரத்துப்போனது உன் குற்றமில்லை. வண்டியில் சுப்ரியாவை ஏற்றிக்கொண்டு, கால் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்த்து ஓட்டுவேன் என்கிறாயே, அது குற்றம். அண்ணிக்கு வர வேண்டிய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையில் பேசினாயே, அதுவும் குற்றம். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. காலையிலிருந்து இரண்டு சங்கீதம் தப்பாகப் படித்துவிட்டேன்.

ஆனால் நவம்பரில் நீ எழுதினதை எடுத்து மறுபடி படித்தேன். வளைவுக்கு முன் கால் எடுப்பதையும் மாடு கடக்கிறதையும் எழுதிவிட்டு, பார்க்கப் பார்க்க அழகு என்று எழுதியிருக்கிறாய். ஓட்டுகிறவன் அப்படி எழுத மாட்டான். நீ அண்ணியைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாய். அதை அண்ணியிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

மே ஆறாம் தேதி நீ ஸ்டியரிங்கைத் தொடுவதாக இருந்தால், மதரிடம் அனுமதி கேட்டு ஆராவமுதனுக்கு நானே போன் செய்வேன். பத்தொன்பது வருஷத்தில் நான் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்பேன்.

இந்தக் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டு.

ஜோவிதா


விவேக் நகர்
8 மே 2025

அன்புத் தங்கை ஜோவிதாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். சர்க்கரை இருநூற்றுப் பத்து. டாக்டர் பாதத்துக்கென்று தனியாக ஒரு செருப்பு கொடுத்திருக்கிறார், பின்னால் வார் வைத்தது. நீ கேட்குமுன் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை ஃபாத்திமாவிடம் படித்துக் காட்டினேன். மாலை பற்றின இடம் வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை. அவளே வாங்கி மீதியைப் படித்தாள். முடித்துவிட்டு, "அழகுன்னு எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு டிரஸ்ட் வாசலுக்குப் போனோம். டிரேவர், லாயிட், சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஆராவமுதன் படிவத்தை எடுத்து, "மிஸ்டர் ரெமிஜியஸ், ஏறுங்க" என்றார். "சார், அந்தப் பேர் தப்பு. அடிச்சிட்டு ஃபாத்திமா ரெமிஜியஸ்னு எழுதுங்க. ஆறு மாசமா அவங்கதான் ஓட்டுறாங்க. எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். டிரேவர் பக்கம் திரும்பி, "அந்தச் சால்வை வீட்ல இருக்குது. சாயங்காலம் கொண்டாந்து சங்கத்துல குடுக்குறேன், யாருக்குப் போடணுமோ போடுங்க" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பயந்த சிரிப்பு வரவே இல்லை.

ஆராவமுதன் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பெயரை அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபாத்திமா சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஸீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஏறினாள்.

நூற்று எண்பத்தாறு கிலோமீட்டர். நான் பின்னால் மருந்துப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். மேட்டில் ஒரு தடவை சக்கரம் வழுக்கியது. ஆராவமுதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் அவசரப்படாமல் காலைத் தளர்த்தி, சக்கரம் மண்ணைப் பிடித்ததும் மறுபடி மெல்லக் கொடுத்தாள். ஜீப் ஏறிவிட்டது. மூன்றாவது வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வளைவைக் கடந்திருந்தோம், வண்டி திரும்பினதே எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் டேங்கை நிரப்பினால் பதினைந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் போயிற்று. பன்னிரண்டு புள்ளி மூன்று. ரூட் இன்னும் மூன்று வருஷத்துக்கு நம்முடையது. மற்ற டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் வர வேண்டும் என்று ஃபாத்திமாவை ஆராவமுதன் மேடம் என்று கூப்பிட்டுக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், பதில் அவள்தான் சொல்ல வேண்டும். "வர்றேன் சார்" என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால், படிவத்தில் கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. வண்டியில் வந்தவர்கள் எல்லோருக்கும் பெயரும் பொறுப்பும் எழுத வேண்டுமாம். சுப்ரியாவுக்கு நர்ஸ் என்று எழுதினார். பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்னன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

முப்பது வருஷத்தில் எத்தனையோ இடத்தில் என் வேலையைச் சொல்லியிருக்கிறேன் ஜோவி. இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னதில்லை.

"டிரைவரோட புருஷன்னு போடுங்க சார்" என்றேன்.

உன் அண்ணன்
ரெமிஜியஸ்